பவளத் தொட்டியில் தட்டைப்புழு: மலையகத்தில் கடல்மீன் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பவளத் தொட்டி எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். கண்டி, பண்டாரவளை, நுவரெலியா பக்கமெல்லாம் இப்போது கடல்மீன் தொட்டி வைப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள். அவர்கள் எனக்குப் போன் எடுத்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: கண்ணாடியில் துரு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது, உற்றுப் பார்த்தால் நகர்கிறது. அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அண்ணா, செம்பழுப்பு நிறத்தில் சின்னதாக என்னவோ ஊர்கிறது. தட்டைப்புழுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போன் கமராவைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, பெரிதாக்கிப் பாருங்கள். தட்டைப்புழுவுக்குக் கால் இல்லை, உடலில் வளையம் இல்லை, மயிர் இல்லை. காகிதத்தில் வெட்டி எடுத்த துண்டு மாதிரி மெல்லியதாக இருக்கும். நெளியாது, துள்ளாது, வழுக்கிக்கொண்டு போகும். நம் தொட்டிகளில் அதிகம் வருவது கன்வலுட்ரிலோபா ரெட்ரோஜெம்மா என்ற இனம். தொட்டிக்காரர்கள் ‘ரெட் பிளனேரியா’ என்பார்கள். நீளம் பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்குள். அதன் பின்பக்கத்தைக் கவனியுங்கள்: மூன்று சின்ன நுனிகளாகப் பிரிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

வெளிச்சம் எங்கே நன்றாக விழுகிறதோ, நீரோட்டம் எங்கே குறைவோ, அங்கே கூட்டமாகப் படர்ந்திருக்கும். புழுவின் உடலுக்குள் பாசி வாழ்வதுதான் காரணம். அந்தப் பாசிக்கு வெயில் காட்டத்தான் அது மேலே வந்து கிடக்கிறது.

வேறு எதையாவது பார்த்துப் பயப்பட வாய்ப்பு உண்டா?

நிறையவே உண்டு. புள்ளி மாதிரி இருந்து துள்ளினால் அது கோப்பிபாட், மீனுக்குச் சாப்பாடு. இரண்டு பக்கமும் மயிர் வைத்து, கல்லிடுக்கில் நீளமாக நெளிந்தால் முட்புழு. அழுக்கைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும், விட்டுவிடுங்கள். கண்ணாடியில் வெள்ளையாகச் சுருண்டு ஒட்டியிருக்கும் சுண்ணாம்புப் பொட்டும் ஒருவகைக் குழாய்ப் புழுதான், கெடுதல் இல்லை. முதுகில் விரல் விரலாக நீட்டிக்கொண்டு பவளத்தின் மேலேயே ஒன்று இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். அது தட்டைப்புழு அல்ல, பவளம் தின்னும் ஓடில்லாக் கடல் நத்தை. உடனே எடுத்துவிடுங்கள்.

எல்லாத் தட்டைப்புழுவும் கெடுதலா?

இல்லை. கண்ணாடியில் நிறமே இல்லாமல் ஒன்றிரண்டு சின்னப் புழுக்கள் ஊர்ந்தால் நான் கண்டுகொள்வதில்லை. சிவப்புப் புழுகூடப் பவளத்தைக் கடித்துத் தின்பதில்லை. பவளத்தின் மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது, சின்ன உயிர்களைத் தின்கிறது. பெரிய ஆபத்து அதன் உடலுக்குள் இருக்கும் நஞ்சு. உயிரோடு இருக்கும்வரை அது வெளியே வருவதில்லை. ஆயிரம் புழு ஒரே நேரத்தில் செத்தால் வரும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

எங்கள் தொட்டிக்குள் எப்படி வந்தது? மீன் மட்டும்தானே வாங்கினோம்?

மீன் வந்த பையின் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றியிருந்தால் அதுவே போதும். கல், பவளத்துண்டு, பவளம் ஒட்டியிருக்கும் சின்னப் பீங்கான் வில்லை, பாசிக்கொத்து, நண்பர் கொடுத்த பழைய ஃபில்டர் பஞ்சு, எதில் வேண்டுமானாலும் வரும். ஒரு புழு போதும், ஜோடி தேவையில்லை. இந்த இனம் முட்டையை நம்பி இருப்பதில்லை. பின்பக்கத்தில் மொட்டு விட்டு, அந்த மொட்டு தாய்க்கு எதிர்த்திசையில் தலை வைத்து வளர்ந்து, பிய்த்துக்கொண்டு தனிப்புழுவாகப் போய்விடும். 1988இல் இந்த இனத்துக்குப் பெயர் வைத்த ஆய்வாளர்கள் வியந்து எழுதியதும் இந்தத் தலைகீழ் மொட்டைப் பற்றித்தான்.

அதனால் கண்ணாடியோடு சேர்த்து நசுக்காதீர்கள். நஞ்சும் வெளியேறும், அறுந்த துண்டும் மறுபடி வளர்ந்துவிடலாம்.

மருந்து இருக்கிறதாமே, ஊற்றிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடாதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

தொட்டி வைத்து இரண்டாவது வருடம். ஒரு பக்கக் கண்ணாடி முழுக்கப் புழு. கொழும்பிலிருந்து ஒருவர் மூலம் மருந்து வரவழைத்து, போத்தலில் சொன்ன அளவிலேயே காலை ஒன்பது மணிக்கு ஊற்றினேன். பத்து நிமிடத்தில் புழுக்கள் சுருண்டு கண்ணாடியிலிருந்து கழன்றன. அரை மணி நேரத்தில் தண்ணீர் முழுக்க டஸ்ட் தேயிலையைத் தூவிவிட்டதுபோல மிதந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பார்த்தால் இரண்டு கோமாளி மீன்களும் மணலில் சாய்ந்து, செவுள் படபடவென்று அடித்துக்கொண்டு கிடந்தன. மாற்றுவதற்கு உப்புத்தண்ணீர் கலக்கி வைத்திருக்கவில்லை. நஞ்சை உறிஞ்சும் கரியும் இல்லை. அவசரமாகக் கலக்கிய தண்ணீர் 19 பாகையில் இருந்தது. அதை ஊற்றவும் முடியாது. சாயந்தரத்துக்குள் ஒரு கோமாளி மீனும், ஒரு கோபி மீனும், நாலு வருடம் வாழ்ந்திருக்க வேண்டிய ஓர் இறாலும் போய்விட்டன. என் மகள் அந்த இறாலுக்குப் பெயர் வைத்திருந்தாள்.

மருந்தில் குறையில்லை, அளவிலும் குறையில்லை. செத்த புழுக்களின் எண்ணிக்கைதான் கொன்றது. மருந்து ஊற்றும் நேரத்தில் தொட்டியில் எத்தனை புழு இருக்கிறது என்பதே முக்கியம். முதலில் கையால் எடுத்துக் குறையுங்கள். மிச்சம் இருப்பதற்குத்தான் மருந்து.

கையால் எடுப்பது என்றால் எப்படி?

காற்றுப் பம்புக்குப் போடும் மெல்லிய டியூப் ஒன்றரை மீட்டர், ஒரு வாளி. பார்மசியில் விற்கும் சேலைன் டியூப் இன்னும் நல்லது. அதில் இருக்கும் உருளையைத் திருகி ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கலாம். டியூப் நுனியில் ஒரு பழைய பேனாவின் கூட்டைச் செருகிக்கொண்டால் பிடிக்க வசதி. லைட் போட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். புழுக்கள் வெளிச்சத்துக்கு வந்து படர்ந்துவிடும். அலைப் பம்பை நிறுத்துங்கள். நுனியைப் புழுவுக்கு மேலே அரை செ.மீ. உயரத்தில் பிடித்தால் போதும், உறிஞ்சிக்கொள்ளும். கல்லின் இடுக்கில் இருப்பதை ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் தண்ணீர் அடித்துக் கிளப்பி, மிதக்கும்போது பிடிக்கலாம்.

ஒரு தடவைக்குப் பத்து லீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு விலையை நினைத்து, அந்தத் தண்ணீரைத் துணியில் வடித்துத் திரும்ப ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். நான் ஊற்றுவதில்லை. நசுங்கிய புழுவின் நஞ்சு அதில்தான் இருக்கும். புதுத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் மாற்றியதாகவும் ஆகும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் செய்யுங்கள். அதிகம் பரவாத தொட்டிகளில் இதோடு தீர்ந்தும் போயிருக்கிறது.

சரி, குறைத்துவிட்டேன். மருந்து போடும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

நான் பாவிப்பது சலிஃபர்ட் நிறுவனத்தின் ஃபிளாட்வோர்ம் எக்ஸிட். வேறு கிடைத்தாலும் முறை இதுதான்.

முதலில் தண்ணீரின் அளவைச் சரியாகக் கணக்கிடுங்கள். என் தொட்டியின் கணக்கு 182 லீட்டர் வரும். கல், மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக உள்ளே இருப்பது சுமார் 150தான். போத்தலில் இருக்கும் அளவை இந்த 150க்குத்தான் பார்க்க வேண்டும்.

முந்தின நாளே 45 லீட்டர் உப்புத்தண்ணீர் கலக்கி, ஹீட்டரும் பம்பும் போட்டு வையுங்கள். லீட்டருக்கு 35இலிருந்து 40 கிராம் உப்பு பிடிக்கும், அதாவது மொத்தம் 1.7 கிலோ அளவு. மறுநாள் காலை அந்த வாளியும் தொட்டியும் ஒரே சூட்டில், ஒரே உப்பு அளவில் இருக்க வேண்டும். மீன்களை அவசரமாக மாற்றுவதற்கும் அந்த வாளிதான்.

காலையில் கரி, கிருமி கொல்லும் யூ.வி. விளக்கு இரண்டையும் நிறுத்துங்கள். தொட்டித் தண்ணீர் ஒரு கப்பில் எடுத்து, நாலைந்து புழுவைப் போட்டு, ஒரு துளி மருந்து விட்டுப் பாருங்கள். சுருண்டால் மருந்து வேலை செய்கிறது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். பழைய மருந்தை ஊற்றிவிட்டு மணிக்கணக்காகக் காத்திருப்பதை இது தவிர்க்கும்.

அப்புறம் மருந்தை ஊற்றி, டியூப்போடு தொட்டி முன்னாலேயே இருங்கள். கழன்று விழும் ஒவ்வொன்றையும் உடனே உறிஞ்சி எடுங்கள். முக்கால் மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். மீன் மூச்சு வாங்கினால் அவ்வளவு நேரம்கூடப் பொறுக்க வேண்டாம். புதுக் கரியைப் போட்டு, 45 லீட்டரையும் மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

கரி என்றால் ஆக்டிவேட்டட் கரி. சிரட்டையிலிருந்து செய்யும் அந்தக் கரி நம் நாட்டிலிருந்தே உலகம் முழுக்க ஏற்றுமதியாகிறது, தேடினால் கிடைக்கும். அடுப்புக் கரி உதவாது. ஆக்டிவேட்டட் கரி பெருஞ்சூட்டில் நீராவி கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளை உண்டாக்கிச் செய்யப்படுவது. நஞ்சைப் பிடித்து வைப்பது அந்தத் துளைகள்தான். தூள் போகும்வரை நன்றாகக் கழுவிப் போடுங்கள்.

கொழும்பில் இருக்கும் நண்பர் காற்றுப் பம்பே போடாமல் மருந்து போட்டாராம். நமக்கு ஏன் அவசியம் என்கிறீர்கள்?

நாம் இருப்பது மலை என்பதால். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதே கணக்கில் குறையும். 26 பாகைக் கடல்நீர் கொழும்பில் லீட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்குமென்றால், நுவரெலியாவில் 5.4க்கு அருகில்தான் பிடிக்கும். குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசன் அதிகம் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். அது ஓடைக்குச் சரி. நாம்தான் தொட்டியை ஹீட்டர் போட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறோமே.

அதனால் ஒரு நாள் முன்னதாகவே காற்றுப் பம்பைப் போட்டு, குமிழி விடும் காற்றுக் கல்லை ஓரளவு ஆழத்தில் விடுங்கள். தண்ணீர் மாற்றிய பிறகும் இரண்டு நாள் ஓடட்டும். மழையும் காற்றும் பலமாக இருந்து கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில் மருந்து போடவே வேண்டாம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் பலரும் பற்றரியில் ஓடும் சின்னப் பம்பு வாங்கினார்கள். வீட்டில் கிடந்தால் அதைச் சார்ஜ் செய்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நான் ஹீட்டர் போட்டும் இரவில் 22 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் புழு வந்ததா?

இல்லை அம்மா, குளிரால் புழு வராது. ஆனாலும் 22 குறைவு, பவளங்கள் சோர்ந்துவிடும். ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சின்ன ஹீட்டர்களைத் தொட்டியின் இரு முனையிலும் வையுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். பின்பக்கத்துக்கும் பக்கங்களுக்கும் ரெஜிஃபோம் ஒட்டுங்கள். 25, 26இல் நிற்க வேண்டும்.

ஏதாவது மீன் விட்டால் தின்று தீர்த்துவிடாதா?

சில மீன்கள் தின்னும். ஆறு கோடு ராஸ், மஞ்சள் ராஸ், மாண்டரின் மூன்றையும் சொல்வார்கள். ஆனால் ஒரே இனத்தில் ஒரு மீன் தின்னும், இன்னொன்று திரும்பியும் பார்க்காது. ஆறு கோடு ராஸ் வளர வளரச் சண்டைக்காரன் ஆகிவிடும். மஞ்சள் ராஸுக்குப் புதைந்து தூங்க மணல் வேண்டும். மாண்டரின் நாள் முழுக்கக் கோப்பிபாட் தேடித் தின்பது; சின்னத் தொட்டியில் மெலிந்தே சாகும். புழுவுக்காக மாண்டரின் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இந்தப் புழுக்களை மட்டுமே தின்னும் நீல வெல்வெட் என்ற ஓடில்லாக் கடல் நத்தையும் ஒன்று உண்டு. புழு தீர்ந்த பிறகு அதற்குச் சாப்பாடு இல்லை, பட்டினியால் செத்துப்போகும். வேறு தொட்டிக்குக் கொடுக்க ஆள் இருந்தால் ஒழிய வேண்டாம்.

எண்ணிக்கை கூடாமல் பார்த்துக்கொள்ளத்தான் மீன் உதவும்.

லைட்டை மூன்று நாள் அணைத்து வைத்தால்?

பவளம் வாடும். புழு இரை பிடித்தும் தின்னும் என்பதால் இருட்டை மட்டும் நம்ப முடியாது.

மஷ்ரூம் பவளத்தின் மேல் வட்டப் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கிறது. சிவப்பும் இல்லை, வாலும் இல்லை.

அது வாமினோவா என்ற இன்னொரு வகைத் தட்டைப்புழுவாக இருக்கலாம். வட்டமாகவோ இதய வடிவத்திலோ பழுப்பாக இருக்கும். கண்ணாடியை விடப் பவளத்தையே விரும்பும். மஷ்ரூம், தோல் பவளம், நீள விரல் பவளங்கள் மேல் தேமல் மாதிரி படர்ந்து, பவளத்தின் சளியைத் தின்னும். தொட்டியில் ஊற்றும் மருந்து இதற்குப் பல நேரம் போதாது. பவளத்தை வெளியே எடுத்து முக்கி எடுப்பதே வழி.

இரண்டு வாளி வையுங்கள். முதல் வாளியில் தொட்டித் தண்ணீரோடு பவளக் குளியல் மருந்தை அதில் போட்டிருக்கும் அளவுக்குக் கலக்கி, பவளத்தை அதில் வைத்துச் சிரிஞ்சால் எல்லாப் பக்கமும் தண்ணீர் அடியுங்கள். பொட்டுகள் கழன்று அடியில் சேர்வதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவது வாளியில் சுத்தமான தொட்டித் தண்ணீரில் அலசித் திரும்ப வையுங்கள். முதல் வாளித் தண்ணீர் தொட்டிக்குள் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. வாரம் ஒருமுறை, நாலைந்து வாரம்.

அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல் பவளத்தைத் தின்னும் புழுவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அதுவும் இதுதானா?

அது வேறு, இதைவிடப் பொல்லாதது. தொட்டிகளில் பல வருடம் அழிவு செய்த பிறகு 2011இல்தான் அதற்கு விஞ்ஞானப் பெயரே கிடைத்தது. மறு வருடம் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டிலும் அது இருப்பதாக எழுதினார்கள். பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் புழுவைப் பார்க்க முடியாது. கடித்த இடம்தான் தெரியும்: ஒரு மில்லிமீட்டர் அளவில் வெளிறிய வட்டங்கள். கிளையின் அடியில் சதை போன வெள்ளை எலும்பில், தேன் நிறத்தில் முட்டைக் கூட்டம் இருக்கும்.

எந்தக் குளியலும் முட்டையைக் கொல்லாது. முட்டை ஒட்டியிருக்கும் அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும். மிஞ்சிய முட்டை பொரிந்து வரும்போது பிடிக்க வாரம் ஒருமுறை முக்க வேண்டும். பவளத்தொட்டிச் சூட்டில் முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு, மூன்று வாரம் ஆகும். தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். வெளிநாட்டுக்காரர்கள் ஆறு வாரம் என்று எழுதியிருப்பது அவர்கள் தொட்டியின் சூட்டுக்கு. உங்கள் தொட்டி 24இல் நின்றால் எட்டு, பத்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பலர் தோற்பது சீக்கிரமே நிறுத்திவிடுவதால்தான்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் கொடுக்கும் பூச்சி மருந்திலும் புழுவைக் கொல்லும் லெவாமிசோல் இருக்கிறதே. அதை ஊற்றலாமா?

தோட்டத்தில் மாடு வளர்ப்பவர்கள் வீட்டில் அந்தப் போத்தல் இருக்கும் என்பதால் இந்தக் கேள்வி வருவது எனக்குப் புரிகிறது. தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். லெவாமிசோலை வெளியே குளியலுக்குப் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கால்நடை மருந்துப் போத்தலில் வேறு மருந்தும் கலந்திருக்கலாம். முட்புழு, நத்தை, இறால் எல்லாம் தொட்டிக்குள் இருக்கின்றன. அவை செத்து அழுகினால் புழு செத்ததை விட மோசம்.

புழு பிடித்த கல்லை எடுத்து வெந்நீரில் கொதிக்க வைத்துவிட்டால்?

வேண்டவே வேண்டாம். சில பொத்தான் பவளங்களில் பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கல்லைக் கொதிக்க வைத்தபோது வந்த ஆவியைச் சுவாசித்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் நம் வீடுகளில் அது இன்னும் ஆபத்து. கல்லை வெளியே எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். பொத்தான் பவளத்தைத் தொடும்போதும் வெட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள்.

திருகோணமலைக்குப் போகும்போது கடலிலிருந்தே கல்லும் பவளமும் எடுத்து வந்தால் கடைப் புழு வராதுதானே?

கடலில் கல் பவளத்தைப் பிடுங்குவது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். கரையோரத்தில் செத்துக் கிடக்கும் பவளக் கல்லையும் எடுக்கக் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடையில் வரும் புழுவும் ஒரு காலத்தில் கடலிலிருந்து வந்ததுதான். இன்னொருவர் தொட்டியில் வளர்ந்து வெட்டிய துண்டை வாங்குங்கள். ஒட்டியிருக்கும் வில்லையைக் கழற்றி எறிந்துவிட்டு, முக்கி எடுத்து, தனித் தொட்டியில் இரண்டு மாதம் வைத்துப் பாருங்கள். ஒரு ஹீட்டர், ஒரு சின்னப் பம்பு, ஒரு லைட் இருந்தால் இருபது லீட்டர் பிளாஸ்டிக் பெட்டியே தனித் தொட்டி ஆகிவிடும்.

இரண்டு மாதமாக ஒன்றும் கண்ணில் படவில்லை. தீர்ந்துவிட்டது என்று சொல்லலாமா?

முன்கண்ணாடியை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். ஹீட்டருக்குப் பின்னால், பம்பின் உறிஞ்சு வாயில், ஃபில்டர் தொட்டியின் உள்சுவரில் டோர்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் கடைசியாகக் கிடைத்த ஆறு புழுக்களும் ஃபில்டர் தொட்டியில்தான் இருந்தன. அது இருக்கும் அலுமாரியின் கதவு சரியாகச் சாத்தாமல், ஜன்னல் வழியாக வரும் காலை வெயில் ஒரு கை அகலத்துக்கு அந்தக் கண்ணாடியில் விழும். சரியாக அந்த ஒரு கை அகலத்தில் ஆறும் வரிசையாகக் கிடந்தன.

அதைக் கண்ட நாளிலிருந்து மறுபடி மூன்று மாதம் எண்ணினேன். அதுவரை யார் வந்து பவளத் துண்டு கேட்டாலும் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.